பெயின்ட்டுக்கு முன்னால் குதிரை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரைதான் ஏறி இறங்குகிறது, கோப்பியில் சீனியை விட்டாயிற்று.

பழைய ஃபைபர் படகை வாங்கிப் போட்டுவிட்டு, என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று கேட்கிறாய். பெயின்ட் கிடக்கட்டும். இரண்டு டயர்மேல் சாய்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாயே, முதலில் அதைச் சரி பண்ணு. அடியில் நல்ல மரக்குதிரை, அதாவது மரச்சட்டத்தில் கால் வைத்துச் செய்த தாங்கி, இல்லாமல் படகு வேலையில் கை வைக்காதே.

சனிக்கிழமைகளில் நான் சாங்கிப் பக்கம் மருமகனோடு போகிறேன். அவனுக்கு லேசர் என்கிற ரகத்தில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாய்த்திருக்கிறது. நீளம் 4.23 மீட்டர், வெறும் உடல் சுமார் 59 கிலோதான். "இதுக்குப் போய் குதிரை இவ்ளோ கெட்டியா எதுக்கு மாமா?" என்றான். உப்புத்தாளைக் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்க்கிறவன் தன் உடம்பையே படகின்மேல் சாய்த்துத் தள்ளுகிறான். குதிரை காலை விரிப்பது பாரத்தால் அல்ல, அந்தப் பக்கவாட்டு ஆட்டத்தால்.

செய்கிற விதம் இதுதான். இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் மூன்று எடு. ஒன்றை அதன் குறுகிய விளிம்பில் நிறுத்தி, மேலும் கீழும் ஒவ்வொன்றைப் படுக்கையாக வைத்துத் திருகாணியால் முடுக்கு. நடுச்சட்டத்தை அணைத்தபடி கால்களைப் பதினைந்து டிகிரி வெளியே சாய்த்துப் பொருத்து. காலின் தலை மேல்சட்டத்தின் அடியில் இடைவெளி இல்லாமல் முட்டி நிற்க வேண்டும். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கே இறங்கணும். திருகாணிக்கு இழுத்துப் பிடிக்கிற வேலை மட்டும்தான். கால்களுக்கு நடுவே அரை அங்குல பிளைவுட் அடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். தண்ணீரை உறிஞ்சுவது காலின் வெட்டுமுனைதான், அதற்கு எப்பாக்சி பிசின் பூசு. உயரம் உன் இடுப்புக்குத் தக்கபடி. இந்த வயதில் குனிந்து தேய்த்தால் முதுகு போய்விடும்.

கவிழ்த்து வைக்க இது போதும். நிமிர்த்தி வைக்க மேல்சட்டத்தின் இரு முனையிலும் கட்டை நட்டு, நடுவே அகலமான வாரைத் தொய்வாகக் கட்டு. படகு எந்த வடிவமானாலும் அதில் தானாக உட்காரும். குதிரைகளை இரு முனையிலிருந்தும் நீளத்தில் கால்பங்கு உள்ளே தள்ளி வை. அங்கே அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார். டொக்கென்று கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி, தொளதொளவென்றால் கொஞ்சம் நகர்த்து.

செம்பவாங்கில் ட்ரைடாக் வேலை, தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்ப்போமே, நினைவிருக்கிறதா? 1938இல் திறந்த கிங் ஜார்ஜ் டாக்கில் அவ்வளவு பெரிய கப்பலும் நடு ஏராவுக்கு (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு) அடியில் வரிசையாக வைத்த கட்டைகள்மேல்தான் உட்காரும். பக்கக் கட்டைகள் சாயாமல் பார்த்துக்கொள்ளும். கட்டையின் தலையில் மட்டும் மெத்து மரம் போடுவார்களே, அது நசுங்கிக் கொடுத்து பாரத்தைப் பரப்பிவிடும். உன் குட்டிப் படகுக்கும் கணக்கு அதேதான். ஏராவில் பாரம், பக்கத்தில் தாங்கல்.

குதிரையின் மேலே கம்பளம் சுற்றாதே. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. மழையில் நனைந்தால் நாள்கணக்கில் காயாது, அந்த ஈரம் ஃபைபரில் கொப்புளம் கிளப்பும். டியூப் ரப்பர் கறுப்பாகக் கறை பிடிக்கும். பழைய தீயணைப்புக் குழாயைப் பிளந்து அடித்தால் அதற்கு ஈடே இல்லை.

நிமிர்த்தி வைத்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, கொஞ்சம் உயர்ந்தே இருக்கட்டும், அடியில் இருக்கும் அடைப்பானையும் கழற்றிவிடு. இங்கே படகுக்குள் தண்ணீர் தேங்கிக் கொசு வைத்தால் அபராதமே வரும். உங்கள் ஊரில் அபராதம் இல்லாவிட்டாலும் டெங்கி இருக்கிறதே!

மரம் வாங்குவதுதான் இங்கே இப்போது கஷ்டம். சுங்கை ரோடு சந்தையை 2017இலேயே மூடிவிட்டார்கள், பழைய சாமான் தேடப் போக இடமில்லை. சரக்கு அடுக்கும் பேலட் மரத்தைப் பிரித்துத்தான் ஓட்டுகிறோம். உனக்கென்ன, தெருமுனையிலேயே மர வாடி.

ஐப்பசி மழைக்குள் குதிரையை முடித்துவிடு. படகின் அகலத்தை அணியத்திலிருந்து கால்பங்கிலும் முக்கால் பங்கிலும் அளந்து எழுது, வாரின் நீளம் சொல்கிறேன். பொங்கலுக்கு வரும்போது குழாய்த் துண்டு கொண்டுவருகிறேன். தங்கச்சி கேட்ட தைலம், உன் பேத்திக்கு மைலோ எல்லாம் போக பெட்டியில் எவ்வளவு இடம் மிஞ்சுமோ, அவ்வளவு.

அன்புடன்,
உன் பழைய டாக் கூட்டாளி