ஒரு கார்டு டெஸ்டை வைத்து ‘உறுதி’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், மருத்துவக் கேள்வி பதிலில், “ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டால் எய்ட்ஸ் உறுதி” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருடம் முன்பு என் தம்பியைக் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமிக்காக எடுத்த கார்டு டெஸ்டில் (ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டையில் விட்டுப் பார்ப்பது) ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ், என்று வந்ததும், இன்னொரு முறை பார்க்காமலேயே, வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்கள். ஃபைலில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் எங்கள் முக்கு சாயாக்கடைக்கு வந்துவிட்டது. நிச்சயம் முடிந்திருந்த கல்யாணம் நின்றுபோனது.

அப்புறம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் முதல் டெஸ்ட் ரியாக்டிவ்தான். வேறு வகைக் கிட்டில் எடுத்த அடுத்த இரண்டிலும் ஒன்றும் இல்லை. தொற்று இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த டெஸ்ட் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது என்று கவுன்சலர் பொறுமையாகச் சொன்னார். வேறு காரணத்தால் உண்டான எதிர்ப்பொருளும் சில சமயம் அதில் ஒட்டிக்கொள்ளுமாம். நம் நாட்டில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குத்தான் தொற்று. தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாகச் சொல்லும் கிட்டாக இருந்தாலும், ஆயிரம் பேரில் ஐந்து பேரைத் தவறாகக் காட்டிவிடும். உண்மையில் தொற்று உள்ள இரண்டு பேரைவிட இது அதிகம். அதனால்தான் மூன்றிலும் ரியாக்டிவ் வந்தால் மட்டும் தொற்று என்கிறார்கள். அதுவும் எச்.ஐ.வி. தொற்றுதான், எய்ட்ஸ் அல்ல; எய்ட்ஸ் என்பது அந்தத் தொற்று முற்றிய நிலை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் எய்ட்ஸ் நிலைக்கே போகாமல் வாழ்கிறார்கள்.

அதே பதிலில், தொற்று வாய்ப்பு ஏற்பட்டுப் பத்து நாளில் பார்த்து இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம் என்றும் இருக்கிறது. எதிர்ப்பொருள் தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டுபிடித்தபோது, வேலூரில் பாசிட்டிவ் வந்த ரத்தத்தை மறுபடி சோதித்தார்கள். அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதி செய்தார்கள். அன்றைக்கே அவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, விபத்தில் இறந்த ஒருவரை ஊர், வயது எல்லாம் போட்டு “எய்ட்ஸ் நோயாளி” என்று எழுதினீர்கள். தொற்று உள்ளவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி அப்போதே கடிதம் எழுதினேன். நீங்கள் அதைப் போடவில்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். நம்பிக்கை மையத்தில் காசு வாங்காமல் பார்ப்பார்கள், 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு விவரம் கேட்கலாம் என்பதையும் சேருங்கள். அந்தப் பெண் வீட்டாரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.