எங்கள் இருவருக்கும் நடுவே நின்றவர்களுக்கு நன்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து உறவினர்களுக்கும் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மக்களுக்கும் வணக்கம்.

என் தாயாரின் பதினாறாம் நாள் கருமக்கிரியை நல்லபடியாக முடிந்தது. கூடாரம் போட்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தேவாரம் பாடிய ஐயாவுக்கும் என் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அதை நேரிலும் சொல்லிவிட்டேன். இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொரு நன்றிக்காக. 2008ஆம் ஆண்டிலிருந்து அது என்னிடம் பாக்கியாக இருக்கிறது.

அம்மா படுக்கையில் இருந்த எட்டு மாதங்களும், வாரத்தில் மூன்று இரவு என் தோழி வந்து தங்கினாள். தையற்கடை வைத்திருப்பவள். அறுபதைக் கடந்தவளை ‘அவள்’ என்று எழுதுவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு விதமாக எழுத வரவில்லை. நான் தூங்கட்டும் என்று அவள் விழித்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, குதிகாலுக்கும் முதுகுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, ஈரம் படாமல் துடைத்துப் பவுடர் போட்டாள். கடைசியில் அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்டபோது, மடிப்பு எடுத்தது அவள் கைதான்.

நாங்கள் இருவரும் எந்தெந்தக் கட்சி என்பது இந்த ஊருக்குத் தெரியும். நான் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளையின் மகளிர் பகுதியில் இருபது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அவள் எதிரணிக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள். இருவரும் பிறந்தது ரப்பர் தோட்டத்தின் ஒரே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். தாய்மார் இருவரும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர்கள். 1960இல் அப்போதைய மஇகா தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டு போட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க முடியும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லி, பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டியபோது, எங்கள் இரண்டு வீட்டிலும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள். நான் அந்தப் பத்து வெள்ளியை நினைத்து வளர்ந்தேன். அவளோ, அப்பா நாற்பது ஆண்டு உழைத்த தோட்டம் கைமாறியபோது, லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்தாள். ஒரே லயத்திலிருந்து இரண்டு கட்சி பிறந்தது இப்படித்தான். அவள் பக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் மனத்தார நினைத்ததில்லை, வாயால் சொன்னதுண்டு.

2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக நடந்த இண்ட்ராப் பேரணிக்கு அவள் கணவரோடு போனாள். கண்ணீர்ப்புகையில் சிவந்த கண் மறுநாளும் ஆறவில்லை. “எதற்குப் போனாய்?” என்று கோபமாகக் கேட்டேன். “உனக்கும் சேர்த்துத்தான்டி போனேன்” என்றாள். அந்தச் சொல் எனக்கு அப்போது சுட்டது.

அடுத்த ஆண்டு மார்ச் 8ஆம் தேதி பொதுத்தேர்தல். 1974 முதல் எங்கள் தொகுதியைக் கையில் வைத்திருந்த எங்கள் மஇகா தலைவர் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு, எதிரணி வேட்பாளர் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். என் வாழ்நாளில் நான் அறிந்த சுங்கை சிப்புட் அன்றிரவு முடிந்துபோனதைப் போல் இருந்தது. வீதியில் பட்டாசு வெடித்தது. கூட்டத்தில் அவளும் நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாளிலிருந்து பேச்சு நின்றது. ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தைப் பற்றித்தான் நான் நன்றி சொல்ல வேண்டும். சின்ன ஊரில் காலையில் சந்தையில் சொன்ன சொல் மத்தியானத்துக்குள் உரியவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நட்பு முறிவது பெரும்பாலும் இரண்டு பேர் சண்டையால் அல்ல, நடுவில் இருப்பவர் சுமந்து வரும் சொல்லால் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவிடம், வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்கப் போகும்போது, நான் என் தோழியைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். நன்றி கெட்டவள் என்றேன். அவள் குடும்பத்தையும் இழுத்தேன். அந்தச் சொல்லில் ஒன்றாவது அவள் காதுக்குப் போயிருந்தால், என் அம்மாவின் சேலைக்கு வேறு யாரோதான் மடிப்பு எடுத்திருப்பார்கள்.

ஒன்றுகூடப் போகவில்லை. சென்ற ஆண்டு, அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோதுதான், அவளும் அதே கடையில் அதே மாதங்களில் என்னைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் கேட்ட ஒருவர், இரண்டையும் தம்மோடு வைத்துக்கொண்டு, நாள்தோறும் எங்களுக்கு மல்லிகை கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், நான் பச்சைப் பட்டு இரவிக்கைத் துணி ஒன்றை அவளிடம் தைக்கக் கொடுத்திருந்தேன். திரும்பக் கேட்க மனம் வரவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பூக்கடை அக்கா ஒரு பையை என்னிடம் நீட்டி, “கொடுக்கச் சொன்னாங்க” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பக்கத் தையலில் எப்போதும் போல ஓர் அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைத்திருந்தாள். உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு மட்டும் அவள் செய்யும் ஏற்பாடு அது. என் மேல் அத்தனை கோபத்தில் இருந்தபோதும் அந்த ஓர் அங்குலத்தை அவள் வெட்டவில்லை. தீபாவளியன்று அதை உடுத்திக்கொண்டு, முறுக்கு டின்னோடு அவள் வீட்டுப் படியேறினேன்.

எங்கள் கிளையின் காலஞ்சென்ற தலைவரையும் நான் மறக்க முடியாது. எதிரணிக்காரி வீட்டில் நான் கை நனைக்கிறேன் என்று சிலர் புகார் கொண்டுபோனபோது, யார் வீட்டில் யார் சாப்பிட்டார் என்பது கூட்டக் குறிப்பில் ஏறாது என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தோழியின் கணவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 2013 தேர்தல் நேரத்தில் அவர் வேன் முழுதும் கட்சிக் கொடி. அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போக வரும்போதெல்லாம், எங்கள் தெருமுனையில் நிறுத்திக் கொடிகளைக் கழற்றிச் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. தாமானின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவை நடத்தும் தம்பிக்கும் நன்றி; 2018, 2022 தேர்தல்களில் வந்து விழுந்த வசைகளை இரு தரப்பிலும் நீக்கிவிட்டு, அனுப்பியவரைக் குழுவில் கண்டிக்காமல் தனியாக அழைத்துப் பேசினார்.

எங்களுக்குள் கருத்து ஒன்றாகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். 2022 நவம்பர் 19ஆம் தேதியும் எதிரெதிர்ச் சின்னங்களுக்கே வாக்களித்தோம். ஐந்து நாள் கழித்து டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். 82 இடம் பெற்ற அவளுடைய பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் 30 இடம் பெற்ற என் தேசிய முன்னணிக் கூட்டணியும் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. அது அவளுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை, காரணங்கள் நேர் எதிர். அம்மாவின் கட்டிலுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து அதைப் பற்றி நடுராத்திரி வரை வாதாடியிருக்கிறோம். “மெதுவாப் பேசுங்கடி, தூக்கம் வருது” என்பார் அம்மா. ஒரு பழக்கம் மட்டும் வைத்திருக்கிறோம்: வேடிக்கை பார்க்க ஆள் இருக்கும் இடத்தில் நாங்கள் அரசியல் பேசுவதில்லை. கேட்பவர் இருந்தால் வெல்ல வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது.

பூக்கடை அக்கா, அம்மாவின் கடைசி மாலைக்கு நீங்கள் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். அன்று உங்களோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்தே கடைக்கு வருகிறோம். அந்தப் பணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு முழம் மல்லிகையும் எடுத்து வைத்திருங்கள்.

நன்றியுடன்,
பழைய லயத்து மகள்