பிரவுன்ஷ்வைக்ல இருந்து மாப்ளைக்கு

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி, பசங்க எல்லாம் சௌக்கியமா. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு உன் வாய்ஸ் மெசேஜ்ல கேட்டப்பறம்தான் நிம்மதியாச்சு, ஒரு மாசத்துக்கு அடுப்படிப் பக்கம் விடாத. இங்க நாங்க நல்லா இருக்கோம், வெயில் வந்துருச்சு, ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம், பால்கனியில வெச்ச தக்காளி பூ விட்டுருக்கு.

அந்த மெசேஜ் கடைசில நீ கேட்டதுக்கு போன்லயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனா ரெண்டு வார்த்தையில முடியற விஷயம் இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். மருமகன் மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனி வரணும்ங்கறான், நீ "அவ்ளோ பெரிய கார் கம்பெனிக்காரனே பொய் சொல்லி ஜெயிலுக்குப் போறான், அந்த ஊர்ல போய் என்னத்தடா எஞ்சினியரிங் கத்துக்கறது"ன்னு கேட்ட. நீ பேப்பர்ல பார்த்த தீர்ப்பு எங்க ஊர் கோர்ட்ல சொன்னதுதான், 2025 மே 26ஆம் தேதி. டீசல் புகை மோசடிக்காக, ஃபோக்ஸ்வாகன்ல பெரிய பொறுப்புல இருந்த நாலு பேர் மேல நாலு வருஷமா நடந்த கேஸ், ஒருத்தருக்கு நாலரை வருஷம், இன்னொருத்தருக்கு ரெண்டு வருஷம் ஏழு மாசம், மத்த ரெண்டு பேருக்கு நிறுத்தி வெச்ச தண்டனை. அது முடிவான தீர்ப்பு இல்ல, அப்பீல் போக வழி இருந்துச்சு. அப்ப எம்.டி.யா இருந்த வின்டர்கார்ன் மேல தனி கேஸ், 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்சு அவருக்கு உடம்பு முடியாததால அப்படியே நிக்குது, அவர் குத்தத்த ஒத்துக்கவும் இல்ல.

தீர்ப்பு வந்த அன்னிக்கு சாயங்காலம் எங்க மேல்மாடி தாத்தாவ படிக்கட்டுல பார்த்தேன். டூல் மேக்கரா 40 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எப்பவும் நின்னு நாலு வார்த்தை பேசுவார், அன்னிக்கு தலைய ஆட்டிட்டு போயிட்டார். அவர் வேலை பார்த்தது வேற கம்பெனி, காருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும் அவருக்கு அது தன் வீட்டு விஷயம் மாதிரி. அவர் மொகம்தான் இத்தன நாளா கண்ணுக்குள்ளயே நிக்குது.

நடந்தது என்னன்னு நாம படிச்ச படிப்ப வெச்சே சொல்றேன். இஏ189னு 2 லிட்டர் டீசல் எஞ்சின். அமெரிக்காவுல, புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடுங்கற கெட்ட வாயுவுக்கு லிமிட் ஒரு மைலுக்கு 0.07 கிராம், ரொம்ப கறார். போட்ட பட்ஜெட்லயும் டைம்லயும் அத எட்ட முடியாதுன்னு 2006லயே உள்ள இருந்தவங்களுக்கு தெரிஞ்சுபோச்சு. முடியலன்னு மேல போய் சொல்லியிருக்கணும். சொல்லல. டெஸ்ட் நடக்குதான்னு கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர வண்டியில ஏத்திட்டாங்க. டெஸ்ட் ரோலர் மேல நடக்கும்ல, எவ்ளோ நேரம், எந்த ஸ்பீடுன்னு எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச அட்டவணை, அந்த அட்டவணைப்படி வண்டி ஓடினா புகைய சுத்தம் பண்ற அமைப்பு முழுசா வேலை செய்யும், ரோட்டுக்கு வந்ததும் பாதி தூங்கிரும். நாம ஸ்கூல் படிக்கறப்ப இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சு பூந்தொட்டி வெப்பாங்கல்ல, அதையே எஞ்சினுக்கு செஞ்சாங்க. ரோட்ல லிமிட்டுக்கு 40 மடங்கு வரைக்கும் வெளிய விட்டதா அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி 2015 செப்டம்பர் 18ல சொல்லுச்சு. இந்த வண்டிங்கள "கிளீன் டீசல்"னு விளம்பரம் பண்ணித்தான் வித்தாங்க, அத நம்பி வாங்கினவங்க சுத்தமான காத்து வேணும்னு நெனச்ச ஜனங்க மாப்ள, எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது.

கண்டுபிடிச்ச கதையும் நீ கேக்கணும். ஐசிசிடின்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு, அதோட ஐரோப்பா பிரிவு பெர்லின்ல இருக்கு, அங்க பீட்டர் மோக்னு ஒரு ஜெர்மன்காரர். ஐரோப்பாவுல டீசல் வண்டிங்க ரோட்ல அதிகமா புகை விடுதுன்னு அவங்களுக்கு தெரியும், அமெரிக்காவுல விக்கற அதே கார்கள் சுத்தமாத்தான் இருக்கும், அங்க அளந்து காட்டினா ஐரோப்பாக்காரன்கிட்ட "பாரு, உன்னால முடியும்"னு சொல்லலாம்னு நெனச்சாங்க. யாரையும் மாட்டிவிடணும்னு ஆரம்பிச்ச வேலையே இல்ல. அந்த அளக்கற வேலை மேற்கு வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்கு போச்சு, சுமார் 70,000 டாலர்தான் மொத்த காசு. டேன் கார்டர் தலைமையில மார்க் பெஷ், அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணான்னு சின்ன டீம், திருவேங்கடம்ங்கற பேர படிச்சதும் எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. வண்டிக்கு பின்னாடி ஜெனரேட்டர், டிக்கியில அளக்கற கருவி, இப்படி கலிஃபோர்னியாவுல ஓட்டி ஓட்டி அளந்தாங்க, ஃபோக்ஸ்வாகனோட ஜெட்டா, பஸ்ஸாட்னு ரெண்டு கார்ல பஸ்ஸாட்ட லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டிட்டு போனாங்க. ஜெட்டா லிமிட்டுக்கு 15ல இருந்து 35 மடங்கு, பஸ்ஸாட் 5ல இருந்து 20 மடங்கு. மூணாவதா எடுத்துட்டு போன பிஎம்டபிள்யூ பெரும்பாலும் லிமிட்டுக்குள்ளயே நின்னுச்சு, அப்ப இது முடியாத காரியம் இல்லல்ல. ரீடிங்க பார்த்ததும் மொதல்ல தங்க கருவிலதான் தப்புன்னு அவங்க சந்தேகப்பட்டிருக்காங்க, அளக்கறவன் அப்படித்தான் இருக்கணும்.

இதோட நின்னிருந்தாக்கூட நான் ஓரளவு மன்னிச்சிருப்பேன். 2014 மே மாசம் அந்த ரிப்போர்ட் வெளிய வந்ததும் கலிஃபோர்னியா காத்துத்துறை கேள்வி மேல கேள்வி கேட்டுச்சு, கம்பெனி ஏதேதோ டெக்னிக்கல் சமாதானம் சொல்லிட்டு டிசம்பர்ல வண்டிகள திரும்பக் கூப்பிட்டு "சாஃப்ட்வேர் அப்டேட் போடறோம், சரியாயிரும்"னுச்சு. அந்த அப்டேட்லயே ஸ்டியரிங் திரும்புதா இல்லையான்னு பார்த்து டெஸ்ட்ட இன்னும் நல்லா அடையாளம் கண்டுக்கற வேலைய சேர்த்து வெச்சுட்டாங்க! திருட்ட சரிபண்றேன்னு கூப்பிட்டு பூட்டு ஒடைக்கற கம்பிய தீட்டிக்கிட்ட மாதிரி. படிச்சுட்டு கம்ப்யூட்டர மூடிட்டேன். கடைசில புது மாடலுக்கு சர்ட்டிஃபிகேட் கெடையாதுன்னு அதிகாரிங்க அசையாம நின்னப்பறம்தான் 2015 செப்டம்பர் 3ஆம் தேதி உண்மைய ஒத்துக்கிட்டாங்க.

அப்பறம் உனக்குத் தெரிஞ்சதுதான். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டி, ரெண்டே நாள்ல ஷேர்ல மூணுல ஒரு பங்கு போச்சு, இதுவரைக்கும் 3,000 கோடி யூரோவுக்கு மேல செலவு. நம்ம நாட்டுலயும் 3.23 லட்சம் வண்டிய திரும்பக் கூப்பிட வேண்டி வந்துச்சு, 2019ல பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை குடுத்துச்சு. மத்தவங்களும் யோக்கியம்னு சொல்ல முடியாது, மெர்சிடிஸ் கார் செஞ்ச டைம்லர் இங்க 87 கோடி யூரோ அபராதம் கட்டுச்சு, சுத்தம் பண்ற டெக்னாலஜில ஒருத்தருக்கொருத்தர் போட்டியே போடாம கூட்டு வெச்சுக்கிட்டாங்கன்னு ஐரோப்பிய கமிஷன் 2021ல ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ ரெண்டுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ போட்டுச்சு.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். கம்பெனி தப்பு பண்ணுச்சு, ஊர் என்ன பண்ணுச்சுன்னு நான் ரொம்ப யோசிச்சேன். ஃபோக்ஸ்வாகன்ல 20 சதவீத ஓட்டுரிமை எங்க மாநில அரசு கையில. இங்கிருந்து அரை மணி நேரத்துல வுல்ஃப்ஸ்பர்க், அந்த ஊரே ஃபேக்டரிக்காக 1938ல கட்டினது, அங்க கேன்டீன்ல போடற சாசேஜுக்குக்கூட ஸ்பேர் பார்ட் மாதிரி பார்ட் நம்பர் உண்டுன்னா பார்த்துக்க, கம்பெனியும் ஊரும் அவ்ளோ ஒண்ணு. டீசலுக்கு பெட்ரோல விட லிட்டருக்கு 18 சென்ட் வரி கம்மி. ஃப்ளென்ஸ்பர்க்ல வண்டிக்கு அனுமதி குடுக்கற ஆபீஸ் இருக்கு, அங்க யாரும் டிக்கியில ஒரு கருவிய வெச்சு ரோட்ல ஓட்டிப் பார்க்கல. ஆக்ஸல் ஃப்ரீட்ரிஷ்னு சுற்றுச்சூழல் துறையில இருந்த ஒருத்தரும், சுற்றுச்சூழல் அமைப்புக்காரங்களும் வருஷக்கணக்கா கத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க, காது குடுக்கல. பொய் சொன்னது கொஞ்ச பேர் மாப்ள, ஆனா அளக்க வேண்டிய எடத்துல இருந்தவங்க அளக்காம விட்டாங்க, எனக்கு அந்தப் பொய்ய விட இதுதான் பெரிய வலி. "நம்ம பசங்க அப்படி செய்ய மாட்டாங்க"ன்னு நெனச்சிருப்பாங்க. அவ்ளோ வேலைக்காரங்க சேர்த்து வெச்ச நல்ல பேரே ஆபீசர் கண்ணுக்கு திரையா போச்சு.

அந்த நல்ல பேர் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? தியரி ஆஃப் மெஷின்ஸ்ல, மெஷின் பாகங்க ஒண்ணோட ஒண்ணு எப்படி சேருதுன்னு லோயர் பேர் (pair), ஹையர் பேர்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டமே, அத வகுத்த ஃப்ரான்ஸ் ராய்லோ ஜெர்மன்காரர்தான். 1876ல பிலடெல்ஃபியா கண்காட்சிக்கு ஜெர்மனி சார்பா போன அவரே நம்ம சரக்கு மலிவு, மட்டம்னு ஊருக்கு எழுதிட்டார், இங்க பெரிய கொந்தளிப்பு. அந்தக் காலத்துல இங்க ஸோலிங்கன்ங்கற ஊர்ல அடிச்ச கத்தியில ஷெஃபீல்டுன்னு இங்கிலீஷ்காரன் முத்திரைய குத்தி விப்பாங்களாம். அதுக்குத்தான் 1887ல பிரிட்டன் சட்டம் போட்டுச்சு, வெளிநாட்டு சரக்குன்னா எந்த ஊர்னு போடுன்னு. 'மேட் இன் ஜெர்மனி' அவமானமா ஆரம்பிச்சது மாப்ள. அத மதிப்பா மாத்தினது மேல்மாடி தாத்தா மாதிரி ஆளுங்க, மைக்ரான் மைக்ரானா. அவர் ஏன் அன்னிக்கு பேசாம போனார்னு இத படிச்சப்பதான் எனக்கு வெளங்குச்சு.

நம்ம பாலிடெக்னிக் தெர்மல் லேப் ஞாபகம் இருக்கா. சீனியர் ரெக்கார்ட் நோட்ட வெச்சு நம்ம பேட்ச் மொத்தமும் ரீடிங் எழுதினோம், கிராஃப் கோடு போட்ட மாதிரி நேரா வந்துச்சு. லேப் சார் ஒரு வார்த்தை திட்டல, கதவ சாத்திட்டு எல்லாரையும் திருப்பி எடுக்க வெச்சார், கடைசி பஸ் போயிருச்சு, நீயும் நானும் சிங்காநல்லூர் வரைக்கும் நடந்தோம். இன்னிக்கு நான் அளக்கற வேலையத்தான் பார்க்கறேன், ரீடிங் ரொம்ப அழகா வந்தா அந்த ராத்திரி ஞாபகம் வந்து இன்னொரு தடவை எடுப்பேன்.

அதனால மருமகன தாராளமா அனுப்பு. இங்க ஒரு கோர்ட் தன் மாநிலத்தோட பெரிய முதலாளிக்கு வேலை பார்த்தவங்கள நாலு வருஷம் விசாரிச்சு தண்டனை குடுத்திருக்கு, லேட்டுதான், ஆனா செஞ்சிருக்கு. கார் கம்பெனில வேலை உறுதின்னு மட்டும் நம்பி வர வேணாம்னு சொல்லு, ஃபோக்ஸ்வாகன்லயே 2030க்குள்ள 35,000 வேலைய கொறைக்கறதா யூனியனோட ஒப்பந்தம் ஆயிருச்சு. எமிஷன், பேட்டரி, மெஷர்மென்ட் டெக்னாலஜின்னு பார்க்கச் சொல்லு, பிரவுன்ஷ்வைக்ல அளவுகளுக்கான தேசிய நிறுவனமே இருக்கு, பிடிபின்னு சொல்லுவாங்க, வந்தா நானே கூட்டிட்டு போறேன். மார்க்ஷீட்டையும் எந்த யுனிவர்சிட்டின்னு யோசிச்சிருக்கானோ அந்த லிஸ்டையும் எனக்கு அனுப்பச் சொல்லு, ஜெர்மன் கிளாஸ் இப்பவே சேரட்டும்.

அப்பறம் லேப் சார் இப்ப எங்க இருக்கார்னு விசாரிச்சு சொல்றியா, பொங்கலுக்கு வர்றப்ப போய் பார்க்கணும். அம்மாவ கேட்டேன்னு சொல்லு.

உன்
மாப்ள