யோகம் நடந்தால் போதுமா?

சித்தூர் தாலூகா கிழக்குப் பஞ்சாயத்துகளின் புதிய பிரசிடென்ட்களுக்கும் மெம்பர்களுக்கும்,

வணக்கம்.

2025 டிசம்பரில் ஓட்டுப் போட்டு உங்களை உட்கார வைத்தோம். இதற்குள் மாலை வாடி, நாற்காலி பழகியிருக்கும். வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று கேரளத்தில், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள் வாழ்கிற பஞ்சாயத்துகளில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். யார் எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை. பதினாறு வருடமாக ஒரு குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரள அரசின் மகளிர் சுயஉதவிக் குழுவில்) இருக்கிறேன், அதில் இரண்டு தடவை செக்ரட்டரி. உங்களில் நிறையப் பெண்கள் என்னைப் போலவே பாயில் உட்கார்ந்து பத்தும் இருபதுமாகச் சேமிப்புப் பணம் எண்ணியவர்கள்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் ஒரு வால்வு கதை. சில வருடத்துக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்தில் (பெயர் வேண்டாம், படித்ததும் அவர்களுக்கே தெரியும்) மார்ச் மாத வெயிலில் ஒரு காலனிக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. மோட்டார் ஓடுகிறது, டேங்க் நிரம்புகிறது, குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. தண்ணீர் திறந்துவிடுகிற பெரியவர் அதற்கு முந்தின வாரம்தான் முடியாமல் வேலையை விட்டுவிட்டுப் பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். செக்ரட்டரி புதுசு, ஓவர்சியரும் புதுசு. ஃபைலில் டெண்டர் இருந்தது, பில் இருந்தது. குழாய் எந்த வழியாகப் போகிறது என்ற படம் மட்டும் இல்லை. ஒன்பது நாள் லாரித் தண்ணீர். குடத்துக்குக் குடம் சண்டை.

பத்தாம் நாள் ஒரு பையன் போன் போட, பெரியவர் மீனாட்சிபுரம் வழியாக பஸ் ஏறி வந்தார். நேராக ஒரு புளியமரத்தடிக்குப் போய், கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டி, "இதுக்குக் கீழதானுங்க இருக்குது" என்றார். பிள்ளைகள் விளையாட்டுக்குத் திருகிவிடக் கூடாது என்று அவரே ஒரு பலகைக்கல்லை வைத்து மண்ணைத் தள்ளி மூடி வைத்திருந்தாராம். மண்ணை விலக்கி, கல்லைத் தூக்கி, நாலு சுற்றுச் சுற்றினார்கள். தண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அவர் போன பிறகும் அந்த இடத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

எங்கள் அயல்கூட்டம் இப்படிப் படுத்துவிடாது. நாங்கள் ரொம்பக் கெட்டிக்காரிகள் என்று நினைக்க வேண்டாம். வாரா வாரம் ஞாயிறு மூன்று மணிக்கு யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். உட்கார்ந்ததும் முதல் வேலை, போன வாரம் எழுதியதை நோட்டிலிருந்து சத்தமாக வாசிப்பது. எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்கள்தான் அதைக் கூர்ந்து கேட்பார்கள். "நான் முந்நூறு கட்டினேன், நீ இருநூறுன்னு வாசிக்கற?" என்று ஒரு தடவை என்னை ஓர் அக்கா நிறுத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தப்பு என்னுடையதுதான். திருத்தி, கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான் அடுத்த பேச்சு. செக்ரட்டரி மாறுவாள், ஒருத்தி கல்யாணமாகிப் போவாள், இன்னொருத்தி செத்தும் போவாள். நோட்டு மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். குடும்பஸ்ரீ 1998இல் மலப்புறத்தில் தொடங்கியது. இத்தனை ஆட்சி மாறியும் அது நிற்கிறது என்றால், அந்த நோட்டுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பேன்.

இனி உங்கள் கிராமசபைக்கு வருகிறேன். மலையாளத்தில் கூட்டத்துக்கு யோகம் என்று பெயர். "யோகம் யோகம்னு கூப்பிடறாங்க, நமக்கு எப்பத்தான் வருமோ" என்பாள் எங்கள் பக்கத்து வீட்டு அம்மிணி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்ட வேண்டும், தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாவிட்டால் மெம்பர் பதவியே போகும் என்று 1994ஆம் வருடத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் யோகம் நடந்துவிடுகிறது. வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது அப்போதுதான் கூட்டம் செல்லும். அதனால் பள்ளிக்கூட வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். டீ, பருப்பு வடை, ஆட்டுக்கும் கோழிக்கும் கூரை மராமத்துக்கும் குணபோக்தா பாரம் (பயனாளி விண்ணப்பம்). ஒரு ஆபீசர் மலையாளத்தில் மளமளவென்று வாசிப்பார். பாரம் வாங்கியவர்கள் கிளம்பிவிடுவார்கள். போன சபையில் கேட்டது என்ன ஆயிற்று என்று ஒருவரும் வாசிப்பதில்லை. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று 1996இல் முடிவெடுத்த மாநிலம் இது. அந்தப் பணத்துக்கு வழி சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் வடை தின்றுவிட்டு வருகிறோம். எங்கள் தப்பும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

மலையாளம் எங்களுக்குப் பகை இல்லை. ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் அதுதான் பேசுகிறோம், பிள்ளைகள் அதில் பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் தண்ணீர் வரவில்லை என்று நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கும்போது எங்கள் கிழவிகளுக்கு வாய் தமிழில்தான் திறக்கும். பாதி மலையாளத்தில் தடுமாறி, பக்கத்தில் யாராவது சிரித்து, அவர்கள் உட்கார்ந்துவிட்டால் மினிட்ஸ் புக்கில் எதுவும் ஏறாது. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, குறையைச் சொல்கிற மனுவை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று கேரளம் 1969லேயே ஆட்சிமொழிச் சட்டத்தில் எழுதி வைத்தது. ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

எழுதி வைத்ததை விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. பிளாச்சிமடை நம் பெருமாட்டியில்தான் இருக்கிறது. 2000இல் குளிர்பான ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும் 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். லைசென்ஸ் கொடுத்திருந்த அதே பஞ்சாயத்து, 2003 ஏப்ரலில் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வழக்கு ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று இழுத்து, இனி ஆலையைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனி சொன்னது 2017இல். அதற்குள் மூன்று உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தீர்மானம் வீட்டுக்குப் போகவில்லை. (216 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று 2010இல் உயர்மட்டக் குழு கணக்குச் சொன்னது. இழப்பீட்டுக்காக 2011இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதா டெல்லிக்குப் போய்ச் சட்டமாகாமலே திரும்பியது. அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.)

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? அடுத்த கிராமசபையில் முதல் அரைமணி நேரம் போன சபையின் மினிட்ஸை வாசியுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். நடந்தது, நடக்காதது, ஏன் நடக்கவில்லை, அவ்வளவு போதும். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீசில் ஒரு தடித்த நோட்டுப் போட்டு வால்வு, மோட்டார், ஓடை, புறம்போக்கு எல்லாவற்றையும் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) வர வேண்டும். வருடா வருடம் அதற்கு ஒரு சண்டை உண்டு. கடைமடைக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் நின்றது என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் குறித்து வைத்திருந்தால், பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

இன்னொன்று, பெண் மெம்பர்களுக்கு மட்டும்: போனை நீங்களே எடுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி உங்களிடம் வந்து சேரும்போது தண்ணீர் விஷயம் ரோடு விஷயமாகிவிடுகிறது.

அந்தப் புளியமரம் எங்கே என்று நாங்கள் நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறோம். கூடவே எங்கள் வார்டில் இருக்கிற ஏழு வால்வுகளும். அளவெல்லாம் காலடிக் கணக்குத்தான், இஞ்சினியர் பார்த்தால் சிரிப்பார். நகல் வேண்டுமானால் ஞாயிறு மூன்று மணிக்கு வாருங்கள். நோட்டை வெளியே கொடுத்தனுப்புவதில்லை, நீங்கள்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி