மெக்டவல் ஏழையாகப் பிறக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மெக்டவல் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) இரண்டே பத்திகள். அதிலும் பூட்டிக் கிடக்கும் கடைகளும் வறுமையும்தான். அந்த ஊர் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

அங்கே சமதரை என்பதே அபூர்வம். டக் ஃபோர்க் ஆறும் அதன் ஓடைகளும் மலை இடுக்கில் விட்டுவைத்த ஒடுக்கமான கரையில்தான் ரயில் பாதை, சாலை, வீடு எல்லாமே. 2001, 2002, 2025 வெள்ளங்களில் இவை சேர்ந்தே மூழ்கின. மேட்டில் வீடு கட்டக் கூடாதா என்றால், ஒன்று செங்குத்துச் சரிவு. இன்னொன்று, மலைகளில் பெரும்பகுதி வெளியூர் நிறுவனங்களுக்குச் சொந்தம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் வந்த பிறகு, உருக்காலைகள் தேடி வாங்கிய உயர்தர போக்கஹான்டஸ் நிலக்கரி இங்கிருந்து போனது. வேலைக்கு வந்தவர்கள் தென் மாநிலங்களின் கறுப்பினத்தவர், இத்தாலியர், ஹங்கேரியர் எனப் பலர். வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த மலைநாடு என்ற தோற்றத்தைக் கட்டுரை தருவது சரியல்ல. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் சட்டமன்ற உறுப்பினரான மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் 1928இல் பதவியேற்றது இந்தக் கவுண்டியின் சார்பில்தான். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக அதே ஆண்டு திறந்த நினைவு மண்டபம் இங்குள்ள கிம்பல் ஊரில் இருக்கிறது.

சுரங்க முதலாளிகளோடு நடந்த மோதலில் தொழிலாளர் பக்கம் நின்ற, பக்கத்துக் கவுண்டியின் மேட்வான் ஊர்க் காவல்துறைத் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை, மெக்டவல் கவுண்டியின் தலைநகர் வெல்ச்சின் நீதிமன்றப் படிக்கட்டிலேயே, மனைவி பக்கத்தில் இருக்க, 1921 ஆகஸ்ட் 1 அன்று முதலாளிகளின் கூலித் துப்பறிவாளர்கள் சுட்டுக் கொன்றார்கள். கையில் ஆயுதம்கூட இல்லாதவர். அந்தக் கோபத்தில்தான் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு அதே மாநிலத்தின் பிளேர் மலை நோக்கி நடந்தார்கள்; அங்கே முதலாளிகள் தரப்புப் படையோடு சண்டையே மூண்டது. அப்பலாச்சியாவைப் பற்றி எழுதும்போது இதை எப்படி விட முடியும்?

அப்புறம், வறுமைக்குக் காரணம் நிலக்கரி தீர்ந்துபோனது அல்ல. 1950இல் மக்கள்தொகை கிட்டத்தட்ட 99 ஆயிரம். சுரங்கத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின. கரி தொடர்ந்து வெளியே போனது, ஆட்களுக்குத்தான் வேலை இல்லாமல் போனது. 1961 மே மாதம், ஏழைகள் உணவு வாங்க உதவும் கென்னடி அரசின் புதிய உணவுக் கூப்பன் (ஃபுட் ஸ்டாம்ப்) திட்டத்தில் நாட்டிலேயே முதல் கூப்பன்களை வாங்கியது இந்தக் கவுண்டிக் குடும்பம். 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 ஆயிரம் பேர்.

இத்தனை வருடம் வெட்டிய கரியின் பணம் யாரிடம் போனது, இன்று அந்த மலைகள் யார் பெயரில் இருக்கின்றன என்று விசாரித்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்