ஆற்காடு ரோட்டு அடுப்புகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலூர் ஆற்காடு ரோட்டிலும் அதையொட்டிய சந்துகளிலும் உள்ள சாலையோரக் கடைகளை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நெரிசலைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்பதைப் பார்த்து நானும் பதறியிருக்கிறேன். ஆனால் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன். வேலூரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டால், கோட்டையைச் சொல்வதற்கு முன்பே இந்தத் தெருக்களைத்தான் சொல்வேன்.

1900-ல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான், இந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை). அதைத் தேடி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்காளதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், லாட்ஜ் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதனால்தான் இங்கே வங்காள எழுத்தில் பலகை மாட்டிய கடைகளும், ரோகு மீனை வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்கு நறுக்கித் தரும் மீன்காரர்களும் இருக்கிறார்கள்.

நான் வழக்கமாகக் காய் வாங்கும் தள்ளுவண்டி அக்கா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. என்னைப் பார்த்தால் "வாம்மா, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்திருக்கு" என்பார். அடுத்து வரும் வங்காளப் பெண்ணிடம் "ஆஷுன் தீதி" (வாங்க அக்கா) என்பார். அந்தப் பெண் பொட்டோலைக் காட்டி "ஆதா கேஜி" என்றால், எடைக்கல்லைப் பார்க்காமலே கை அரைக் கிலோவை அள்ளும். கோவைக்காயைக் கொஞ்சம் பெரிதாக்கியது போலிருக்கும் அந்தக் காயை எப்படிச் சமைப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்குச் சொன்னது மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து மகனின் சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு அம்மா.

போன வருடம் என் கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீடு தோட்டப்பாளையத்தில்தான் என்றாலும் போய்ச் சமைத்து எடுத்துவர முடியவில்லை. காலை ஐந்து மணிக்கே எதிர்ச் சந்தில் ஒரு பாட்டி இட்லி ஊற்ற ஆரம்பித்துவிடுவார். நோயாளிக்கு என்று சொன்னால் உப்புக் குறைத்து, குழையக் காய்ச்சிய கஞ்சியைத் தூக்கில் ஊற்றித் தருவார். மதியத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு சேர்ந்து வங்காளச் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். கடுகு எண்ணெய் புகையக் காய்ந்ததும் கருஞ்சீரகம், கீறிய பச்சை மிளகாய், பிறகு உருளைக்கிழங்கும் மீனும். புளி கிடையாது. புளி ஊற்றாத மீன் குழம்பா என்று முதல் நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் நானே அதைக் கேட்டு வாங்கினேன். பதிலுக்கு, டிஸ்சார்ஜ் ஆன அன்று அவர்களுக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சீரகச் சம்பா அரிசியின் பொடிசைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். கூட வந்த புளிப்புக் கத்திரிக்காயை அவர்களில் ஒரு அம்மா விரல்விட்டு வழித்துச் சாப்பிட்டார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அந்த ஒரு மணி நேரத்தில் அது எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

கடைகளை எடுத்துவிட்டால் நோயாளியோடு வந்தவர்கள் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்? கையிலிருக்கும் பணம் மருந்துக்கே சரியாகப் போகிறது, அவர்களைப் பெரிய ஓட்டலுக்குப் போகச் சொல்ல முடியுமா?

சட்டமும் இப்படி ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சாலையோரக் கடைகள் பற்றிப் பேசி முடிவெடுக்க அந்தச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவில் இட்லிப் பாட்டியும் காய்கறி அக்காவும் உட்கார்ந்து பேசட்டும். ஆம்புலன்ஸ் போகும் பக்கத்தில் ஒரு கடைகூட வேண்டாம், கோடு போட்டு நிரந்தரமாக விட்டுவிடலாம். வண்டிகளை மறுபக்கம் வரிசையாக நிறுத்தலாம். மாலைக்குப் பிறகு நல்ல விளக்கு, எச்சில் தட்டு போடப் பெரிய தொட்டி, தினமும் குப்பை வண்டி, இவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. சந்து முனையில் ஒரு தண்ணீர்க் குழாய் அவசியம் போட வேண்டும். பாத்திரம் கழுவ அந்தப் பாட்டி இப்போது இரண்டு தெரு தாண்டிக் குடம் தூக்கி வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோட்டப்பாளையம், வேலூர்.