இடமாற்ற உத்தரவில் கையெழுத்திடும் முன்

விலங்குக் காட்சிசாலைகளையும் காப்பகங்களையும் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு விலங்கை வேறு இடத்துக்கு அனுப்பும்போது வயது, எடை, நோய்க்குறிப்பு, மரபுவழி எல்லாம் பார்க்கிறீர்கள். அது யாரை ஒட்டிப் படுத்துத் தூங்குகிறது என்பதையும் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஷெர்லி, ஜென்னி என்ற இரண்டு யானைகளை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஜென்னி குட்டியாக இருந்தபோது இருவரும் ஒரே சர்க்கஸில் இருந்தவர்கள். பிறகு பிரிக்கப்பட்டார்கள். ஷெர்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் இன்னொரு யானையைப் பார்க்காமலே ஒரு காட்சிசாலையில் தனியாகக் கிடந்தாள். 1999இல் அமெரிக்காவின் டென்னசியிலுள்ள யானைகள் சரணாலயத்துக்கு அவள் வந்த அன்றிரவு, ஜென்னி பக்கத்துக் கொட்டிலுக்கு வந்தாள். கம்பிகளுக்கிடையே தும்பிக்கையை நீட்டித் தடவினார்கள், பிளிறினார்கள். எப்படியாவது சேர்ந்துவிடத் தவித்ததில் இரும்புக் கம்பிகளே வளைந்தன. கதவைத் திறந்துவிட்ட பிறகு, 2006இல் ஜென்னி இறக்கும்வரை இருவரும் பிரியவில்லை. இடையில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

யானைக்கு ஞாபகசக்தி அதிகம், அது தனி ரகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். செம்மறியாடுகள் ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுவரை நினைவில் வைத்திருக்கின்றன. டால்பின்கள் இருபது ஆண்டுகள் கழித்தும் பழைய துணையின் சீழ்க்கையைக் கேட்டு அடையாளம் கண்டதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இனப்பெருக்கத்துக்காக இடம் மாற்றி மாற்றி அனுப்பப்பட்ட டால்பின்கள் அவை. அதாவது, நீங்கள் போடுகிற மாதிரியான உத்தரவுகளால் பிரிந்தவை.

நட்பு வெறும் மனக்குளிர்ச்சி அல்ல, ஆயுள் சம்பந்தப்பட்டது. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஜோன் சில்க், டோரதி செனி, ராபர்ட் செஃபார்த் குழுவினர் 2010இல் சொன்னது இது: உட்கார்ந்து பேன் பார்த்துக்கொள்ள நெருங்கிய, நிலையான தோழிகள் இருந்த பெண் குரங்குகள் அதிக நாள் வாழ்ந்தன.

சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியை (பெயரில்தான் பன்றி, கொறித்துத் தின்னும் சின்ன வளர்ப்புப் பிராணி) தனியாக வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை. இரு கைகளில் அடங்கும் பிராணிக்கே அப்படி என்றால், உங்கள் பதிவேட்டில் 'துணை' என்று ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய காரியமா? இணைபிரியாத இரண்டை அனுப்பத்தான் வேண்டுமென்றால் சேர்த்தே அனுப்புங்கள். இடமில்லை என்றால் இடம் கிடைக்கும்வரை பொறுங்கள்.

எந்த விலங்கு யாரைத் தேடும், யார் இல்லாவிட்டால் தீனியைத் தொடாது என்பது தினமும் கொட்டிலைக் கழுவுகிற பணியாளருக்குத் தெரியும். அடுத்த உத்தரவில் கையெழுத்திடும் முன் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
விலங்குகளை நேசிக்கும் ஒருவர்